சிங்கப்பூர் ஜிடிபி கணிப்பு ஏன் இப்படித் தாவுகிறது? அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

2025 ஏப்ரல் 14. அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது புதிய இறக்குமதி வரிகளை அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சிங்கப்பூரின் வர்த்தக, தொழில் அமைச்சகம் அந்த ஆண்டுக்கான வளர்ச்சிக் கணிப்பை 1–3 சதவீதத்தில் இருந்து 0–2 சதவீதமாகக் குறைத்தது. 'பூஜ்யம்' தலைப்புச் செய்தியானது. ஆகஸ்டில் அதே அமைச்சகம் 1.5–2.5 என்றது. நவம்பரில் 'சுமார் 4' என்றது. 2026 ஜனவரி 2-ல் வந்த முதற்கட்ட மதிப்பீடு 4.8 சதவீதம்.

ஒன்பது மாதத்துக்குள் பூஜ்யத்தில் இருந்து கிட்டத்தட்ட ஐந்து. கணித்தவர்கள் யாரும் கத்துக்குட்டிகள் இல்லை. உலகிலேயே வேகமாகவும் ஒழுங்காகவும் புள்ளிவிவரம் வெளியிடும் அரசுகளில் ஒன்று அது. அப்புறம் ஏன் இந்தத் தாவல்?

இந்தக் கேள்வி நமக்கும் முக்கியம்தான். இந்தியாவுக்குள் வரும் நேரடி அந்நிய முதலீட்டில் சில ஆண்டுகளாகவே சிங்கப்பூருக்குத்தான் முதலிடம். 2024-25-ல் மட்டும் சுமார் 1,500 கோடி டாலர். ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் இருந்து இந்தியர்கள் அனுப்பும் பணத்தில் 6.6 சதவீதம் அங்கிருந்து வருகிறது. உங்கள் ஆபீஸில் 'சிங்கப்பூர் ஆஃபர் வந்திருக்கு, போகலாமா?' என்று யோசிக்கும் ஒருவராவது இருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம். 'உலக மந்தநிலை வரப்போகிறது' என்று செய்தி வரும் வாரத்தில்தான் அந்தக் கேள்வி கையைக் கடிக்கும்.

ஜிடிபியை விட வர்த்தகம் எப்படிப் பெரிதாக இருக்க முடியும்?

சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால், அது நாட்டின் ஜிடிபியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இந்தியாவில் இதே விகிதம் 45 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. 'மொத்த உற்பத்தியை விட மூன்று மடங்கு வியாபாரமா, கணக்கு இடிக்குதே' என்று தோன்றலாம். இடிக்கவில்லை.

கோயம்பேட்டில் ஒரு கமிஷன் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 10 லட்சம் ரூபாய்க்குக் காய்கறி கைமாறுகிறது என்று வைப்போம். மண்டிக்காரருக்குக் கமிஷனாக நிற்பது 80 ஆயிரம். அதில் இருந்துதான் சுமை தூக்குபவருக்குக் கூலி, கடை வாடகை எல்லாம். ஜிடிபி அளப்பது இந்த 80 ஆயிரத்தை. வர்த்தகக் கணக்கு அளப்பது வந்த சரக்கையும் போன சரக்கையும். சிங்கப்பூர் ஓர் உலக மண்டி. கப்பலில் வந்து இறங்கி, பிரிந்து, திரும்பவும் கப்பல் ஏறும் சரக்கு அங்கே ஏராளம். கூடவே சொந்தமாகச் செய்வதும் உண்டு: உலகில் தயாராகும் சிப்களில் பத்தில் ஒன்று அங்கிருந்து வருவதாக அந்நாட்டு அரசு சொல்கிறது. ஜிடிபியில் உற்பத்தித் துறைக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

அடுத்த மாதம் மண்டிக்காரருக்கு எவ்வளவு வரும் என்று கணிக்க அவருடைய கல்லாப்பெட்டியைப் பார்த்துப் பயனில்லை. ஓசூரில் மழை பெய்ததா, லாரி வாடகை ஏறியதா, சென்னையில் கல்யாண சீசனா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் ஜிடிபி கணிப்பும் இப்படித்தான். அதில் பெரும்பகுதி அமெரிக்கா, சீனா, ஐரோப்பா பற்றிய கணிப்பு. சிங்கப்பூர் பெயரில் வெளியாகிறது, அவ்வளவுதான். அமைச்சகத்தின் அறிக்கையைத் திறந்தால், கணிப்புப் பகுதியின் தொடக்கத்தில் அமெரிக்கா, யூரோ மண்டலம், சீனா எப்படி வளரும் என்ற அனுமானங்களே இருக்கும். அந்த அனுமானங்கள் ஆட்டம் கண்டால் கீழே இருக்கும் எண்ணும் ஆடும்.

மளிகைக் கடையும் சிப் தொழிற்சாலையும்

வெளிநாட்டை நம்பியிருப்பது ஆட்டத்துக்கு ஒரு காரணம். இரண்டாவது காரணம் இதைவிடச் சுவாரஸ்யமானது, செய்திகளில் அதிகம் வராதது.

ஒரு மளிகைக் கடையில் வாரம் 10 பாக்கெட் பிஸ்கட் விற்கும் என்று வையுங்கள். கையில் 20 பாக்கெட் ஸ்டாக் வைத்திருப்பார் அண்ணாச்சி. திடீரென்று வாரம் 8 பாக்கெட்தான் போகிறது. விற்பனை குறைந்தது 20 சதவீதம்தான். ஆனால் அண்ணாச்சி என்ன செய்வார்? 'இருப்பது போதும், இந்த வாரம் ஆர்டர் வேண்டாம்' என்பார். டீலர் பார்வையில் ஆர்டர் 10-ல் இருந்து பூஜ்யம். நான்கு கடை இப்படிச் செய்தால் டீலர் கம்பெனிக்குப் போன் போட்டு லோடை நிறுத்தச் சொல்வார். கம்பெனி மாவு வாங்குவதை நிறுத்தும். கீழே 20 சதவீதம் குறைந்தது, மேலே போகப் போக 100 சதவீதமாகத் தெரிகிறது.

ஸ்டாக் தீர்ந்ததும் இது தலைகீழாகும். அண்ணாச்சி 8 பாக்கெட் விற்பனைக்கும் சேர்த்து, காலியான அலமாரியை நிரப்பவும் சேர்த்து 20 கேட்பார். கடையில் விற்பனை இன்னும் பழைய நிலைக்கே வரவில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு அது தீபாவளி.

உலகச் சங்கிலியில் சிங்கப்பூர் இருப்பது கடைப் பக்கத்தில் அல்ல, மாவு மில் பக்கத்தில். சிப், சிப் தயாரிக்கும் இயந்திரம், ரசாயனம், மருந்துக்கான மூலப்பொருள் எல்லாம் சங்கிலியின் மேல்கோடியில் இருப்பவை. அமெரிக்கக் குடும்பம் லேப்டாப் வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் போதும், சிங்கப்பூர் ஆர்டர் புத்தகத்தில் பெரிய ஓட்டை விழும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மழை வரும் என்பார்களே, அந்த மாதிரி உலகச் சந்தை சிங்கப்பூரின் மாதாந்திர ஏற்றுமதி எண்ணைக் கவனிப்பது இதனால்தான். எறும்பு சில நேரம் மழை இல்லாமலும் ஓடும்.

இதோடு மருந்துத் துறை வேறு. ஒரு தொழிற்சாலை ஒரு மருந்துக்கான மூலப்பொருளைத் தயாரித்து முடித்து, இயந்திரங்களைக் கழுவி, அடுத்ததுக்கு மாறும் இடைவெளியில் உற்பத்தி அப்படியே விழும். பிறகு பாய்ந்து ஏறும். பெரிய நாட்டில் இது கணக்கில் கரைந்துவிடும். சிறிய நாட்டில் சில தொழிற்சாலைகளே காலாண்டு ஜிடிபியை ஆட்டிவிடும்.

2009: ஒரே ஆண்டில் ஐந்து கணிப்புகள்

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அக்டோபரிலேயே ஆசியாவில் முதல் நாடாக சிங்கப்பூர் மந்தநிலைக்குள் போனது. அடுத்த ஆண்டுக்கான அமைச்சகக் கணிப்பு போன பாதை இது:

2009 ஜனவரி 2: மைனஸ் 2 முதல் பிளஸ் 1
ஜனவரி 21: மைனஸ் 5 முதல் மைனஸ் 2
ஏப்ரல் 14: மைனஸ் 9 முதல் மைனஸ் 6
ஜூலை 14: மைனஸ் 6 முதல் மைனஸ் 4
அக்டோபர்: மைனஸ் 2.5 முதல் மைனஸ் 2

ஆண்டு முடிந்ததும் அறிவிக்கப்பட்டது மைனஸ் 2. பின்னாளில் கணக்கைத் திருத்தியபோது அதுவும் மாறி, கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வந்து நின்றது. அதாவது 'மைனஸ் 9 வரை போகலாம்' என்று நாடே பயந்த ஆண்டில், இன்றைய கணக்குப்படி பொருளாதாரம் சுருங்கவே இல்லை. அடுத்த ஆண்டு 3–5 சதவீதம் வளரும் என்று முதலில் சொன்னார்கள். 2010-ல் வளர்ந்தது 14.5 சதவீதம். காலியான அலமாரிகள் நிரம்பிய ஆண்டு அது.

கணிப்பின் நடுப்புள்ளியை எடுத்து, முடிவோடு ஒப்பிட்டு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2009 ஏப்ரல் கணிப்பு, முதலில் அறிவித்த முடிவில் இருந்து 5.5 புள்ளி விலகியது. 2010-க்கான முதல் கணிப்பு 10.5 புள்ளி. கொரோனாவுக்கு முன், 2019 நவம்பரில் 2020-க்குச் சொன்னது 0.5–2.5, வந்தது மைனஸ் 5.4, பின்னர் மைனஸ் 3.8 ஆகத் திருத்தப்பட்டது. ஆனால் 2023 போன்ற அமைதியான ஆண்டில் 0.5–2.5 என்ற கணிப்புக்கு வந்த முடிவு 1.1. அந்த ஆண்டு துல்லியம்.

ஆக, கணிப்பு எப்போது நமக்கு அதிகம் தேவையோ அப்போதுதான் அது அதிகம் தவறுகிறது. இன்னொன்றும் தெரிகிறது. 2009 ஏப்ரல், 2020 மே, 2025 ஏப்ரல் என்று மூன்று பீதி மாதங்களிலும் வெளியான கணிப்பு, இன்றைய கணக்கோடு வைத்துப் பார்த்தால் நடந்ததைவிட மோசமாகவே இருந்தது. மூன்று உதாரணத்தை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். இருந்தாலும் காரணம் புரிகிறது: ஆர்டர்கள் பூஜ்யமாகத் தெரியும் மாதத்தில்தான் கணிப்பும் எழுதப்படுகிறது. ஸ்டாக் தீர எவ்வளவு நாளாகும் என்று யாருக்கும் தெரியாது.

2025-ல் நடந்ததும் கிட்டத்தட்ட இதன் இன்னொரு வடிவம். சிங்கப்பூர் மீதான வரி 10 சதவீதம்தான். 2004 முதல் அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, அமெரிக்காதான் அங்கே அதிகம் விற்கிறது, அப்படியும் வரி போட்டார்களே என்பதுதான் அதிர்ச்சி. பிறகு 90 நாள் இடைவேளை வந்தது. வரி ஏறுவதற்குள் சரக்கை இறக்கிவிட வேண்டும் என்று வாங்குபவர்கள் முந்திக்கொண்டார்கள். கூடவே ஏஐ சர்வர்களுக்கான சிப் தேவை யாரும் நினைக்காத அளவுக்கு ஏறியது. ஏப்ரலில் கணிப்பு எழுதியவர்களின் மேஜையில் இவை இரண்டும் இல்லை.

'டெக்னிக்கல் ரிசஷன்' என்று செய்தி வந்தால்?

அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள், முந்தைய காலாண்டை விட ஜிடிபி குறைந்தால் அதற்கு 'டெக்னிக்கல் ரிசஷன்' என்று பெயர். சிங்கப்பூருக்கு இந்த அளவுகோல் சரியாகப் பொருந்தாது என்பது என் கருத்து.

2023-ஐப் பாருங்கள். முதல் காலாண்டில் மைனஸ் 0.4. இரண்டாவது காலாண்டுக்கு முதற்கட்ட மதிப்பீடு பிளஸ் 0.3, 'மந்தநிலையில் இருந்து தப்பியது சிங்கப்பூர்' என்று தலைப்பு. ஒரு மாதம் கழித்து அதையே 0.1 ஆகத் திருத்தினார்கள். இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால் தலைப்பே தலைகீழ். இந்த முதற்கட்ட மதிப்பீடு, காலாண்டு முடிந்து சுமார் இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மாதத் தரவை வைத்துப் போடப்படுவது. மூன்றாவது மாதம் வந்து சேரும்போது எண் மாறும். 2023 முழு ஆண்டு வளர்ச்சியும் 1.1-ல் இருந்து பின்னர் 1.8 ஆனது.

இன்னொரு பொறி, 'ஆண்டு விகிதம்'. 2020 ஜூலை 14-ல் 'சிங்கப்பூர் ஜிடிபி 41.2 சதவீதம் வீழ்ச்சி' என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. நாட்டின் பாதிப் பொருளாதாரம் காணாமல் போனது போல இருக்கும். அது, ஒரு காலாண்டின் வீழ்ச்சி இதே வேகத்தில் நான்கு காலாண்டும் தொடர்ந்தால் என்னவாகும் என்ற கணக்கு. முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால் அன்று சொன்ன வீழ்ச்சி 12.6 சதவீதம். அதுவும் கொடுமைதான், ஆனால் 41 இல்லை. எதோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை ஷேர் செய்யாதீர்கள்.

வட்டியைத் தொடாத மத்திய வங்கி

நம் ரிசர்வ் வங்கி மந்தம் வந்தால் ரெப்போ வட்டியைக் குறைக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையத்திடம் அப்படி ஒரு வட்டியே கிடையாது. 1981 முதல் அது கையாள்வது நாணயத்தின் மதிப்பை. முக்கிய வர்த்தக நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையாக வைத்து, அதற்கு எதிராக சிங்கப்பூர் டாலர் எவ்வளவு வேகத்தில் ஏறலாம் என்று ஒரு பாதை போடுகிறது. பாதையின் சரியான அளவுகளை வெளியே சொல்வதில்லை. சரிவு, அகலம், மையம் ஆகிய மூன்றில் எதை மாற்றினோம் என்று மட்டும் அறிவிக்கும்.

காரணம் எளிது. உள்நாட்டில் செலவாகும் ஒவ்வொரு டாலரிலும் சுமார் 40 சென்ட் இறக்குமதிக்குப் போகிறது. அரிசி முதல் கேஸ் வரை வெளியில் இருந்து வரும் ஊரில், நாணயம் வலுத்தால் விலை அடங்கும். அதனால்தான் விலைவாசி எகிறியபோது 2021 அக்டோபர் முதல் 2022 அக்டோபர் வரை ஐந்து முறை பாதையை இறுக்கினார்கள். 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் தளர்த்தினார்கள்.

கணிப்புச் செய்தியை விட இந்த அறிவிப்பை நான் கூர்ந்து படிப்பேன். அமைச்சகம் ஒரு எண் சொல்கிறது. நாணய ஆணையம் அந்த எண்ணை நம்பி ஒரு காரியம் செய்கிறது. அங்கே வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு: வட்டி உள்ளூர் மத்திய வங்கி தீர்மானிப்பதல்ல என்பதால், மிதக்கும் வட்டி இஎம்ஐ பெரும்பாலும் அமெரிக்க வட்டியின் பின்னால் போகும்.

அரசின் கையில் இருக்கும் இன்னொரு கருவி, சேமிப்பு. 2009-ல் 2,050 கோடி சிங்கப்பூர் டாலர் மீட்புத் திட்டத்துக்காக, முந்தைய அரசுகள் சேர்த்த கையிருப்பை முதன்முறையாகத் தொட்டார்கள். கேட்டவர் நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம். ஒப்புதல் தந்தவர் அதிபர் எஸ்.ஆர்.நாதன். இருவரும் தமிழ் வம்சாவளியினர். இரண்டு ஆண்டில் எடுத்ததைத் திருப்பியும் வைத்துவிட்டார்கள்.

உங்கள் வேலைக்கு ஜிடிபி என்ன சொல்கிறது?

நேரடியாக, மிகக் குறைவு.

2009 மீட்புத் திட்டத்தின் மையம் சம்பள மானியம். நிறுவனம் ஆளை அனுப்பாமல் இருக்க அரசே சம்பளத்தில் ஒரு பங்கு தந்தது. 2020-லும் அதே வழி. ஆனால் இரண்டு முறையும் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். விளைவு 2020 கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. வீட்டுப் பணியாளர்களைத் தவிர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டில் வெளிநாட்டவர் வேலைகள் சுமார் 1.8 லட்சம் குறைந்தன. உள்நாட்டவர் வேலைகள் சற்றே கூடின. சிறிய நாடு அதிர்ச்சியைத் தாங்கும் விதத்தில் ஒரு பகுதி இது: அதிர்ச்சியை வெளிநாட்டில் இருந்து வந்தவர்களோடு சேர்த்தே வெளியே அனுப்புவது. இதில் பொய் எதுவும் இல்லை, விதிகள் வெளிப்படையானவை. போகிறவர் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், ஜிடிபி வளரும்போதே வேலை போகலாம். 2023-ல் மந்தநிலை வரவில்லை. ஆனால் ஆள்குறைப்பு 2022-ன் 6,440-ல் இருந்து 14,590 ஆக, இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. ஐடி, தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அதில் பெரிய பங்கு. உலக டெக் நிறுவனங்கள் கலிஃபோர்னியாவில் எடுத்த முடிவு, சிங்கப்பூர் ஜிடிபியைப் பார்த்து எடுக்கப்பட்டதல்ல.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு வேலை போனால், பாஸ் ரத்தாகி, பொதுவாக 30 நாள் குறுகிய கால அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு நிறுவனம் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடினால் இன்னும் அதிகம், அதற்கு மேல் புள்ளி முறைத் தேர்வும் உண்டு. ஆகவே ஆஃபர் கையில் இருப்பவர் கேட்க வேண்டியவை வேறு. இந்த வேலையின் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார்? நிறுவனம் சங்கிலியின் கடைப் பக்கமா, மாவு மில் பக்கமா? சிப் இயந்திரப் பராமரிப்பும் வங்கியின் விதிமுறைக் கண்காணிப்பும் ஒரே 'சிங்கப்பூர் வேலை' என்றாலும், மந்தம் வந்தால் ஒன்றாக அடிபடுவதில்லை. நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? வாடகை ஒப்பந்தத்தில், வேலை போய் நாடு திரும்பினால் பாதியில் முடித்துக்கொள்ளும் ஷரத்து இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை.

எதை, எப்போது பார்ப்பது?

2026-க்கு அமைச்சகம் 2025 நவம்பரில் சொன்ன முதல் கணிப்பு 1–3 சதவீதம். இதில் நடுவில் இருக்கும் 2-ஐ மனதில் பதிக்க வேண்டாம். அகலத்தைப் பாருங்கள்: இரண்டு புள்ளி இடைவெளி என்றால் 'எங்களுக்கும் நிச்சயமில்லை' என்று நேர்மையாகச் சொல்கிறார்கள். பிறகு திருத்தம் எந்தத் திசையில் போகிறது, அதற்கு எந்த அனுமானத்தை மாற்றினார்கள் என்று பாருங்கள். ஒரே பக்கமாக இரண்டு திருத்தம் வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

அமைச்சகத்தின் முழு அறிக்கை பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் வரும். நாணய ஆணையத்தின் அறிவிப்பு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில். தனியார் பொருளாதார நிபுணர்களிடம் ஆணையம் காலாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கருத்துக்கணிப்பும் உண்டு. அதில் எண்ணை விட, 'உங்களுக்கு எது பெரிய பயம்?' என்ற கேள்விக்கான பதிலைப் படியுங்கள். எண்ணெய் அல்லாத உள்நாட்டு ஏற்றுமதி எண் மாதாமாதம் 17-ஆம் தேதி வாக்கில் வெளியாகும். ஒரு மாத எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சீனப் புத்தாண்டு சில ஆண்டு ஜனவரியிலும் சில ஆண்டு பிப்ரவரியிலும் வரும் என்பதால், அந்த இரண்டு மாதங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.